குனிந்து வரும் வாசல்

மகாராஜாவின் மிருகசாலையில் புலி இறைச்சியைத் தொட மறுத்தது. அதற்கு இருப்பிடம் கட்டிக் கொடுத்தவர் ஸ்தபதி வன்மீகநாதன்.

கோயில் கட்டிப் பேர் வாங்கியவர் அவர். புலி முன்பு இருந்த கம்பிக்கூண்டுக்குள் ஜனங்கள் குச்சி விட்டுக் குத்துகிறார்களே என்று கூண்டைப் பெயர்த்தெறிந்தார். ஆழமாகப் பள்ளம் தோண்டிப் புலியை அதில் விட்டார். சுற்றி உயரமாகப் படிக்கட்டு வைத்தார். எல்லாரும் சௌகரியமாக உட்கார்ந்து பார்க்கட்டுமே!

நன்றாகத்தான் பார்த்தார்கள். கடலைத் தோலும் எச்சிலும் மேலிருந்து விழுந்தன. புலி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது, படுத்ததுதான்.

வன்மீகநாதன் தம் குரு கோமதியம்மையிடம் ஓடினார்.

“அம்மா, புலி செத்துடும். நான் கட்டின இடத்துலயே சாகப்போகுது. எங்கே தப்புப் பண்ணினேன்?”

அம்மை வந்தார். மேல்படியில் ஒரு வியாபாரி ஆரஞ்சுத் தோலை உரித்து, புலியின் முதுகைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மை அந்த வியாபாரியையே பார்த்தார்.

“கருவறை வாசலை ஏம்ப்பா தாழ்த்தி வைக்கிறே?”

“குனிஞ்சு போகத்தான், அம்மா.”

“ம்.”

அவ்வளவுதான். கிளம்பிவிட்டார்.

ஸ்தபதி படிக்கட்டை இடித்தார். பள்ளத்தைத் தூர்த்து, பாறை அடுக்கி மேடாக்கினார். சுற்றிலும் அகழி. ஜனங்கள் வர ஒரே வழிதான், இருட்டான, தாழ்ந்த கல் நடை.

திறந்த அன்று மகாராஜா முதலில் நுழைந்தார். தலைப்பாகை கூரையில் இடித்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து வந்தார். வெளியே வந்து நிமிர்ந்தால், அடேயப்பா! தலைக்கு மேலே, வெயிலில், புலி நின்றது. இத்தனை பெரிசா! இத்தனை நாளும் இதுவா இங்கே கிடந்தது! அது மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மகாராஜாவின் கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. தலைப்பாகை கீழே விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்த கூட்டத்தில் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. அந்த வியாபாரியும் வந்திருந்தார். ஆரஞ்சு உரிக்காமல் கையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் புலி சாப்பிட்டது.

ஸ்தபதி அம்மையிடம் ஓடிப்போய் அழுதே விட்டார். “பிழைச்சுடுச்சு, அம்மா! நீங்க வந்து பார்த்தே ஆகணும்.”

அம்மையும் குனிந்து வந்து நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“வாசல் எப்படி, அம்மா?”

“நல்ல வாசல். மகாராஜாவையே வளைச்சிடுச்சே.” அம்மை புலியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதுக்குக் காட்டுப் பக்கம் ஒண்ணு வைக்க மறந்துட்டியேப்பா.”