குட்டைக்கும் ஊற்றுக்கும் நடுவே

சரளைக் காட்டுக் குட்டையில் எருமைகள் புரண்டன. கொக்குகள் எச்சமிட்டன. காட்டுப்பன்றிகள் இறங்கிச் சேற்றைக் கலக்கின. அப்புறம் அதே தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தார்கள்!

குட்டைக்கரைப் புதருக்கு அடியில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் வளை தோண்டிக் குடியிருந்தது. அப்பா ஊசியன். அம்மா சிலும்பி. முள் இன்னும் முற்றாத குட்டி மொட்டு. மொட்டுக்கு அந்தக் குட்டைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவே இல்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தாள். இப்படியே போனால் பிள்ளை பிழைக்குமா என்று சிலும்பி பயந்தாள்.

“காட்டுல எல்லாரும் இதைத்தானே குடிக்கிறாங்க?” என்றான் ஊசியன்.

“எல்லாரும் குடிச்சா என் பிள்ளைக்கு ஒத்துக்கிடுமா?” என்று வெடுக்கெனக் கேட்டாள் சிலும்பி.

சிலும்பிக்கு ஒரு குணம் உண்டு. எதையாவது பார்த்துவிட்டால் அது ஏன், எப்படி என்று தெரியும்வரை அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. ஒரு மாலை, குட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். பள்ளத்தின் அடியில் தண்ணீர் கசிந்தது. எட்டிப் பார்த்தாள். அவள் மூக்கு அதில் தெரிந்தது! மூக்கில் ஒட்டியிருந்த மண்கூடத் தெரிந்தது!

“அட! குட்டை பழுப்பா கிடக்கு. இது மட்டும் எப்படித் தெளிஞ்சு வருது?”

பக்கத்து வளையிலிருந்து ஒரு நண்டு கண்ணை நீட்டியது. “என்னக்கா, தனியா பேசிக்கிட்டிருக்கே?”

“இந்தத் தண்ணி எங்கேருந்து வருது தம்பி?”

“குட்டையிலேருந்துதான். வேற எங்கேருந்து வரும்?”

“அப்போ அழுக்கு எங்கே போச்சு?”

நண்டு யோசித்தது. இந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தது, அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தது. “என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்? நடுவுல மணல்தான் இருக்கு. அதைப் போய்க் கேளு!” என்று சொல்லிவிட்டு வளைக்குள் புகுந்துகொண்டது.

சிலும்பி மணலைக் கேட்டேவிட்டாள்! காய்ந்த விளாம்பழ ஓடு ஒன்றை எடுத்து அடியில் சிறிய ஓட்டை போட்டாள். முதலில் களிமண்ணை நிரப்பிக் குட்டைத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் இறங்க மாட்டேன் என்று மேலேயே நின்றது. களிமண்ணைக் கொட்டிவிட்டுக் கூழாங்கல்லைப் போட்டாள். தண்ணீர் கலங்கியது கலங்கியபடியே கடகடவென்று ஓடிவிட்டது. கடைசியில் மணலை நிரப்பினாள். முதல் சொட்டுகள் மங்கலாக விழுந்தன. அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போகப்போகத் தெளிந்த தண்ணீர் சொட்டியது.

“அழுக்கை மணல் பிடிச்சு வச்சுக்குது! தண்ணியை மட்டும் விடுது!” என்று துள்ளிக் குதித்தாள். முட்களெல்லாம் சலசலத்தன.

மறுநாளே வளை வாசலுக்குப் பக்கத்தில், நல்ல மணலாகப் பார்த்து ஓர் ஊற்றுக்குழி தோண்டினாள். சரிந்துவிடாமல் சுற்றிலும் கல் அடுக்கினாள். எருமைச் சாணமும் எச்சமும் விழாதபடி மேலே தழை போட்டு மூடினாள். ஊறிய தண்ணீரை முதலில் தானே குடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் மொட்டுக்குக் கொடுத்தாள். மொட்டு தேறினாள். தட்டாம்பூச்சியை விரட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

ஒரே ஒரு குறை. ஊற்று மெதுவாகத்தான் ஊறும். ஒரு வாய் தண்ணீர் சேர, குழியோரம் நெடுநேரம் உட்கார வேண்டும். தினமும் சிலும்பி அங்கேயே காத்துக் கிடப்பதைப் பார்க்க ஊசியனுக்குப் பாவமாக இருந்தது. நல்ல மனசுதான். ஆனால் அவசரக்காரன்!

அவள் கிழங்கு தேடிப் போயிருந்த ஒரு நாள், மண்கிளப்பி என்ற காட்டுப்பன்றி அந்தப் பக்கம் வந்தது.

“என்ன தம்பி இது அநியாயம்! குட்டை நிறையத் தண்ணி கிடக்கு, உன் பொண்டாட்டி சொட்டுச் சொட்டா வழிச்சுக்கிட்டிருக்கா! நடுவுல இருக்கிற மண்ணுதானே தடுக்குது? வாய்க்கால் வெட்டித் தரட்டுமா?”

“உனக்கு என்ன தரணும் அண்ணே?”

“தோண்டுற மண்ணுல வர்ற புழுவெல்லாம் எனக்கு. அது போதும்!”

குழிக்குள் வந்துவிட்டால் எல்லாம் ஊற்றுத் தண்ணீர்தான் என்று நினைத்து ஊசியன் தலையாட்டினான். மண்கிளப்பி மூக்கை மண்ணில் நுழைத்து முட்டியது. கரை உடைந்தது. குட்டைத் தண்ணீர் ஓடி வந்து ஊற்றுக்குழியை நொடியில் நிரப்பியது. பன்றி புழுக்களைப் பொறுக்கித் தின்றுவிட்டு நடையைக் கட்டியது.

“உங்கம்மா வந்து பார்த்தா அசந்துபோயிடுவா!” என்றான் ஊசியன். விளையாடிக் களைத்து ஓடி வந்த மொட்டு வயிறு முட்டக் குடித்தாள்.

சிலும்பி திரும்பி வந்தபோது பிள்ளை வாசலில் சுருண்டு கிடந்தாள். குழியைப் பார்த்ததுமே சிலும்பிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது.

“நீ கஷ்டப்படுறியேன்னுதான்...” என்று இழுத்தான் ஊசியன்.

“கஷ்டமா இருக்குன்னு நான் எப்பவாவது சொன்னேனா? அந்த மண்ணு எதுக்கு இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?” அவள் பிள்ளையிடம் ஓடினாள்.

“தண்ணி... தண்ணி...” என்று முனகினாள் மொட்டு. குழி ததும்பிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் கொடுக்க அதில் ஒரு வாய்கூட இல்லை!

ஊசியன் ஓடினான். வளையின் மறுபக்கம், மணலாக இருந்த இடத்தில் தோண்டினான். நகம் கிழிந்து ரத்தம் வந்தது. அவன் நிறுத்தவில்லை. அடியில் ஈரம் தட்டியது. கலங்கலாக ஊறிய முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டினான். பிறகு குழியோரம் உட்கார்ந்தான். கொஞ்சம் தெளிந்து சேர்ந்ததும் இலையில் ஏந்திக்கொண்டு மகளிடம் ஓடினான். மறுபடி வந்து உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து மண்கிளப்பி உதட்டை நக்கிக்கொண்டு வந்தது. “என்ன தம்பி, இதுவும் சொட்டுச் சொட்டாத்தானா? இங்கேயும் ஒரு வாய்க்கால் போட்டுடலாமா?”

ஊசியன் எழுந்தான். முதுகைத் திருப்பி முள்ளையெல்லாம் சிலிர்த்தான். பன்றி பிடித்த ஓட்டம் காட்டின் மறுகோடியில்தான் நின்றது!

ஊசியன் எத்தனையோ முறை இலையோடு ஓடிய பிறகுதான் மொட்டு கண் திறந்தாள். சிலும்பி அவளை மடியில் அணைத்துக்கொண்டாள். மொட்டு இலையில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை நக்கிக் குடித்தாள்.

“அப்பா, இன்னும் கொஞ்சம்!”

“இரு கண்ணு,” என்றான் ஊசியன், “ஊறட்டும்.”

நீதி: ஒரு தடை எதற்காக நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை இடிக்கக் கூடாது.