பாட்டு நொண்டும் இடம்

ராயபுரத்தில் டயர் கடைக்கு மேல்மாடியில் டெல்ஃபின் கிட்டார் சொல்லிக்கொடுத்து வந்தார். வயது நாற்பது. ராக் இசைக்குழு நடத்தி, தொண்டை வறளப் பாடி, வடசென்னை முழுக்கப் பேர் எடுத்தவர். அவருடைய சீடர்களில் மூத்தவர் குணாளன். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கையோடு கிட்டார் வாங்கியவர். அறுபது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை.

குருவை அவர் "மிஸ்" என்பார். குரு அவரை "சார்" என்பார்.

டெல்ஃபினிடம் ஒரு பாட்டு இருந்தது. 'காலை ஷிஃப்ட்' என்று பெயர். மெதுவாக ஆரம்பித்து, போகப்போக நெஞ்சைப் பிடித்து உலுக்கும். ஆனால் அவர் அதை மேடையில் பாடமாட்டார். கல்லூரி விழாக்களில் போனில் கேட்டுப் பழகிய பிள்ளைகள் அதைப் பாடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர் வேறு பாட்டுக்குத் தாவிவிடுவார்.

"ஏன் மிஸ் அதை மட்டும் பாடறதில்ல?" என்று குணாளன் ஒருநாள் கேட்டார்.

"பாடியிருக்கேனே சார்."

"எங்க?"

"முதல்ல ஃபேக்டரி வாசல்ல. அப்புறம் கோர்ட்டு படிக்கட்டுல."

"கை தட்டினாங்களா?"

"கேட்டை மூடினாங்க."

குணாளனுக்கும் கதை தெரியும். மரியசூசை டெல்ஃபின் குழுவின் டிரம்ஸ்காரர். பகலில் ஒரு ரசாயன ஆலையில் ஒப்பந்தக் கூலி. தொட்டியைக் கழுவ இறங்கியவர் உயிரோடு ஏறிவரவில்லை. அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கோர்ட்டிலும் சொல்லி நிர்வாகம் கைகழுவிவிட்டது. அந்த ஆத்திரத்தில் டெல்ஃபின் கட்டிய பாட்டு அது. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் "மரியசூசை" என்று கூப்பிடுவார். அந்தப் பெயர் மெட்டுக்குள் அடங்காது, ஒரு தட்டு கூடுதலாக நீளும். பழகும்போதெல்லாம் குணாளனின் கை அங்கேதான் தடுமாறும்.

அந்த வருஷம் ஊரில் பெரிய இசை விழா ஒன்று அறிவித்தார்கள். ரிதம் கிட்டாருக்கு டெல்ஃபின் குணாளனைச் சேர்த்துக்கொண்டார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மகள் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வர டிக்கெட் எடுத்துவிட்டாள்.

விழாவை நடத்துகிற தினகர் மாடியேறி வந்தார்.

"உங்க 'காலை ஷிஃப்ட்' வேணும் மேடம். அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டதே. ஒரே ஒரு சின்ன விஷயம். அந்தப் பேரை மட்டும் எடுத்துடுங்க. பணம் போடற கம்பெனிக்காரங்க சங்கடப்படறாங்க. 'நண்பனே'ன்னு வெச்சுக்கலாம்."

டெல்ஃபின் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இல்லன்னா மேடை கிடையாது மேடம்" என்று சொல்லிவிட்டுத் தினகர் இறங்கிப் போனார்.

குணாளன் நாற்காலியைக் குருவின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"மிஸ், 'நண்பனே'ன்னா மீட்டர் கச்சிதமா உட்காருது. அந்த இடத்துல பாட்டு நொண்டத்தானே செய்யுது? யாரைச் சொல்றோம்னு நமக்குத் தெரியுமே."

"சரி சார்" என்றார் டெல்ஃபின்.

இவ்வளவு சுலபமா? குணாளனுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே ஏதோ ஒரு ஏமாற்றம். ஏன் என்று அவர் தோண்டிப் பார்க்கவில்லை.

விழா அன்று சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மகள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தயாராக நின்றாள். டெல்ஃபின் மைக்கில் தன் ஆட்களை அறிமுகப்படுத்தினார்.

"பேஸ் கிட்டார், இமானுவேல்!"

கைதட்டல்.

"டிரம்ஸ், சுகிர்தா!"

விசில் பறந்தது. குணாளன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரிதம் கிட்டார், நம்ம நண்பர்!"

அவ்வளவுதான். கூட்டம் அதற்கும் கைதட்டியது, யாருக்கு என்று தெரியாமலே. மகள் போனைத் தாழ்த்தினாள். குணாளனின் முகம் சுண்டிப்போனது. ஆபீஸில் சார், தெருவில் சார், வகுப்பிலும் சார். ஒரே ஒரு தடவை தன் பெயரை மைக்கில் கேட்க வந்திருந்தார் மனிதர்.

விறுவிறுவென்று குருவிடம் போனார்.

"என் பேர் என்ன ஆச்சு மிஸ்?"

"மீட்டர்ல உட்காரல சார்."

குணாளன் தன் இடத்துக்குத் திரும்பி வந்தார்.

'காலை ஷிஃப்ட்' தொடங்கியது. கூட்டம் ஆரவாரித்து அடங்கியது. முதல் சரணம் முடிந்து, அந்த இடம் வந்தது. டெல்ஃபின் வாயை மூடிக்கொண்டு மைக்கை விட்டு விலகினார்.

குணாளன் முன்னால் வந்தார்.

"மரியசூசை!"

குரல் கோணலாகத்தான் வந்தது. ஆனால் கை தடுமாறவில்லை. கூடுதலான அந்தத் தட்டை முழுசாக வாசித்துத்தான் விட்டார்.

தினகர் மேடையோரத்தில் கையை ஆட்டினார். இரண்டாவது சரணம் முடிந்ததும் குணாளன் இன்னும் உரக்கக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். கிட்டார்கள் ஊமையாயின, மைக் செத்தது. மின்வாரியத்தில் குப்பை கொட்டியவருக்குக் கரண்ட் போவதெல்லாம் ஒரு விஷயமா? சுகிர்தாவின் டிரம்ஸுக்கும் கரண்ட் வேண்டியதில்லை. அது ஓயாமல் அதிர, மூன்றாவது முறையும் அந்தப் பெயரை வெறும் தொண்டையாலேயே கூப்பிட்டார்.

தினகர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"யாருய்யா நீ? யாரைக் கேட்டுப் பாடின?" என்றவர் டெல்ஃபின் பக்கம் திரும்பினார். "இந்த ஆளை இனிமே எந்த மேடையிலயும் ஏறவிடமாட்டேன். யார் இது? பேரைச் சொல்லுங்க மேடம்!"

டெல்ஃபின் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து நின்று, கடைசி வரிசைவரை கேட்கும்படி தொண்டையைத் திறந்தார்.

"குணாளன்!"