பாதித் திரை

மாதம் ஒருமுறை மடத்து முற்றத்தில் படம் போடுவது குருவின் வழக்கம். படம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும்.

இந்த மாதம் போட்டது ஊரே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடிய படம். அப்பா நிலத்தை விற்று, தானே பார்த்த மாப்பிள்ளைக்கு மகளைக் கட்டிக்கொடுக்கிறார். கடைசியில் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுக் கீழே நிற்கிறார். அந்த இடத்தில் அழாதவர் கிடையாது.

சீடன் ஆவுடையப்பன் அழவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மாவும் இருக்கவில்லை.

"சம்மதமா என்று படம் முழுக்க அந்தப் பெண்ணை ஒருவரும் கேட்கவில்லை. இதற்கா இத்தனை அழுகை?"

சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் சண்முகவடிவு எழுந்து போய்விட்டாள். அவளையும் அவள் அப்பா அப்படித்தான் கட்டிக்கொடுத்தார். அவர் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து அவன் இலையில் சோறு விழுந்ததே தவிர, பேச்சில்லை. போதும் போதும் என்றாலும் "சாப்பிடு தம்பி" என்று அதட்டிப் போடுகிறவள் அவள். மற்றவர்கள் முறைத்ததை அவன் பொருட்படுத்தவில்லை. இதைத்தான் தாங்க முடியவில்லை. மடத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே அக்கா அவள்தான்.

குருவிடம் போனான்.

"சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டுமா?"

"பொய் சொன்னாயா?"

"இல்லை."

"எந்த இடம், காட்டு."

லேப்டாப்பில் அந்தக் காட்சியை ஓட்டினான். ஜன்னலோரம் மகள், கீழே அப்பா. இவள் விரும்பித்தான் போகிறாளா என்று மகளின் முகத்தைக் காட்டிக் கேட்டான். குரு உற்றுப் பார்த்துவிட்டு, நீ சொல்வது சரிதான் என்றார்.

ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. அக்காவிடம் போய் இன்னும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினான். குரு அவனை உட்காரச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை மடித்து, மகள் இருந்த பாதித் திரையை மறைத்தார்.

"இன்னொரு தடவை ஓட்டு."

ஏற்கெனவே இரண்டு முறை பார்த்த காட்சி. அந்தப் பக்கம் மட்டும் அவன் பார்த்ததேயில்லை. அப்பா வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார். எதையோ கேட்க வாயெடுக்கிறார். வண்டி கிளம்புகிறது. கேட்காமலே கையை அசைக்கிறார். அசைத்த கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் மீதே கோபமாகவும் வந்தது.

"அப்படியானால் நான் சொன்னது தப்பா, குருவே?"

"யார் சொன்னது? அவர் கேட்டிருக்கத்தான் வேண்டும்."

ஆவுடையப்பன் கண்ணைத் துடைக்கப் போனான். குரு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துடைக்காதே. இப்படியே போய், உன் அக்காவிடம் அன்று சொன்னதையே சொல்."