முருங்கைக்காய் ஆன்டெனா

ஞானசிகாமணி ரிட்டயர்டு தலைமை இன்ஜினியர். அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். வீட்டு சிம் ரூட்டரின் ஆன்டெனா இரண்டும் ஒடிந்ததும், கடையில் இருப்பதிலேயே நீளமானதாக இரண்டு வாங்கி வந்து அவரே மாட்டினார். ஐந்து சிக்னல் விளக்கில் ஒன்றுதான் எரிந்தது. பழி சமையல்கார பவளத்தின் மேல் விழுந்தது.

"தூசி துடைக்கிறேன்னு ரூட்டரையே கெடுத்துட்ட. நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"சரிங்கய்யா. உங்க ஆன்டெனாவைக் கழட்டிட்டு ரெண்டு முருங்கைக்காயைக் கட்டுறேன். இருக்கிற ஒரு விளக்கும் அணைஞ்சா புது ரூட்டர் வாங்கித் தரேன். அணையலைன்னா இங்கேயேதான் சமைப்பேன்."

"கட்டு, பார்க்கலாம்!"

கட்டினாள். அதே ஒரு விளக்கு எரிந்தது. அவர் மனைவி சிரிப்பை அடக்கவே இல்லை.

பவளம் குப்பைக்கூடையிலிருந்து ஒடிந்த ஆன்டெனாவை எடுத்து நீட்டினாள். "இதோட திருகுற முனைக்கு நடுவுல ஊசி இருக்கு. நீங்க வாங்கினதுல ஓட்டைதான் இருக்கு, ரூட்டர்லயும் ஓட்டைதான். ரெண்டும் தொடவே இல்லைங்கய்யா. பழசைக் கையோட கொண்டுபோய்க் காட்டி வாங்குங்க."

போனார். ஊசி வைத்ததாக மாற்றி வந்து மாட்டினார். ஐந்து விளக்கும் எரிந்தன.

மத்தியானம் சாம்பாரில் அந்த முருங்கைக்காய்தான். தலைமை இன்ஜினியர் என்று அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.