ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை தேடிய கதை

புளியோடைக்காரர்களைப் பற்றி வெளியூரில் நாலு விதமாகப் பேசுவார்கள். நாலும் உண்மைதான்.

அந்த ஊர்ப் பஞ்சு மில்லை மூடியபோது சங்கையா, பெத்தணன், இருளப்பன், தவசி என்று நாலு பேருக்கு வேலை போயிற்று. மூடியதே அவர்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதுவரை தினமும் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு, "இந்த வாரம் வேலை கொஞ்சம் கம்மிதான்" என்று திருப்தியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் மற்ற மூவருக்கும் வருத்தம். தவசிக்கு உயிரே போய்விட்டது. செண்பகத்தை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பெண் மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. அவளுடைய அப்பா சோலையப்பனோ ஆள் விட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை நேர்ல வருவேன். மாப்பிள்ளை வேலையில இருந்தா தட்டு மாத்திக்குவோம். சும்மா இருந்தா டிராக்டர் வச்சிருக்கிற பையன் வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

திங்கட்கிழமை நாலு பேரும் பஸ் ஏறி டவுனில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அம்மா பொறுமைசாலி.

"வேலை தேடுறதையே ஒரு வேலையா நினைச்சுச் செய்யணும்" என்றார். "காலையில ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு, சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஒழுங்கா, கட்டுப்பாடா செய்யணும். தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. அப்புறம் ஒண்ணு, இருக்கிற இடத்துல முறையா சொல்லிட்டு வர்றவங்களைத்தான் எந்த முதலாளியும் நம்புவாரு."

அந்த அம்மா சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. நல்ல புத்திமதி. போய்ச் சேர்ந்த இடம்தான் அப்படி.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே எல்லாரிடமும் சொல்லி வைத்தார்கள். தெரியாதவர்களிடம் முதலில் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு இருளப்பன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஆபீஸ் திறந்தார்கள். வயதில் மூத்தவர் என்பதால் சங்கையா மேனேஜர். வாட்டசாட்டமாக இருப்பதால் பெத்தணன் வாட்ச்மேன். இருளப்பன் தொழிலாளர் சங்கத் தலைவர். மிச்சம் இருந்த தவசி தொழிலாளி.

"மாட்டை என்னன்னு எழுதுறது?" என்று கேட்டான் பெத்தணன், வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு.

சங்கையா வெகுநேரம் யோசித்தார். "நமக்கு முன்னாலயே இங்க இருக்கு. சீனியாரிட்டி பார்த்தா அதுதான் மேனேஜர்."

"அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே."

"அப்ப உதவி மேனேஜர்னு போடு."

அன்று முழுக்க வேலை நெட்டி வாங்கிற்று. பதிவேட்டுக்குக் கோடு போட்டார்கள். பதினொரு மணிக்கு டீ நேரம் பத்து நிமிஷமா, பதினைந்து நிமிஷமா என்று இருளப்பனுக்கும் சங்கையாவுக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. அது இழுபறியில் முடிந்தபோது மணி ஐந்து. டீ ஆறிப்போயிருந்தது.

புதன்கிழமை தவசி மெதுவாகத் தலையைச் சொறிந்தான். "அண்ணே, நான் டவுனுக்குப் போயி ரெண்டு கம்பெனியில வேலை கேட்டுட்டு வரட்டுமா?"

சங்கையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆபீஸ் நேரத்துலயா?"

"ஆபீஸ் வேலையே அதானேண்ணே."

"இருக்கிறது ஒரே ஒரு தொழிலாளி. நீயும் வெளிய போயிட்டா இங்க வேலை தேடுறது யாரு?"

நியாயமான கேள்விதான். தவசி உட்கார்ந்துவிட்டான். வேலைப்பளு ஒரே ஆள் தலையில் விழுகிறது என்று இருளப்பன் சங்கத்தின் சார்பில் கண்டனம் தெரிவித்தார். நிர்வாகம் பணிந்தது. வியாழக்கிழமை காலை கொட்டகை வாசலில் ஒரு பலகை தொங்கியது. "வேலை தேட ஆட்கள் தேவை. அனுபவசாலிகளுக்கு முன்னுரிமை."

வெள்ளிக்கிழமை வந்தது. சோலையப்பன் எந்த நேரமும் வந்து நிற்பார். தவசிக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் மசாலாப் பொடிக் கம்பெனி முதலாளி அருணகிரி. பஸ்ஸில் சொல்லி வைத்தது எப்படியோ சுற்றி வளைத்து அவர் காதுக்குப் போயிருந்தது. பெத்தணன் அவரைப் பலகைக்குக் கீழே நிறுத்தி, பெயர் எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பினான்.

"உட்காருங்க" என்றார் சங்கையா. "எத்தனை வருஷமா வேலை தேடுறீங்க?"

"நானா? நான் எதுக்குய்யா வேலை தேடணும்? எனக்குச் சொந்தக் கம்பெனி இருக்கு."

"அப்ப இந்த லைன்ல அனுபவமே கிடையாது."

"கிடையாது."

சங்கையா இருளப்பனைப் பார்த்தார். இருளப்பன் உதட்டைப் பிதுக்கினார். "வருத்தப்படாதீங்க. இடம் காலியானா சொல்லி அனுப்புறோம்" என்றார் சங்கையா.

அருணகிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இந்தா பாருங்க, மூட்டை ஏத்தி இறக்க எனக்கு நாலு ஆள் வேணும். நாளைக்குக் காலையிலயே வந்துருங்க. நாலு பேருக்கும் வேலை போட்டுத் தர்றேன்."

தவசி துள்ளி எழுந்தான். அவன் கண்ணுக்கு முன்னால் செண்பகம் மாலையும் கழுத்துமாக வந்து நின்றாள். "வர்றேன் முதலாளி!"

"உட்காரு" என்றார் சங்கையா. "நாளைக்கு ஒன்பது மணிக்கு நீ எங்க இருக்கணும்?"

"இங்கண்ணே."

"இங்க வேலை பார்த்துக்கிட்டே அங்கயும் வேலை பார்ப்பியா?"

"இங்க விட்டுடுறேண்ணே."

"திடுதிப்புன்னா? அந்த அம்மா என்ன சொன்னாங்க? முறையா சொல்லிட்டுப் போகணுமா, வேண்டாமா? ஒரு மாசம் முன்னாடி எழுதிக் குடு. நிர்வாகம் கூடிப் பேசி முடிவு சொல்லும்."

"ஒரு மாசம்லாம் காத்திருக்க முடியாதுய்யா" என்றார் அருணகிரி.

"பார்த்தியா? முறை தெரியாத முதலாளி. இவர்கிட்ட நம்ம பையனை எப்படி நம்பி அனுப்புறது?" என்றார் இருளப்பன்.

அருணகிரி அந்த நாலு பேரையும் பார்த்தார். மாட்டையும் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கெஞ்சாத குறையாகக் கேட்டார். "அந்தச் சின்னப் பையனை மட்டுமாவது விடுங்கய்யா. உழைக்கிற பையனாத் தெரியுறான்."

"அவனை மட்டும் விடவே முடியாது" என்றார் சங்கையா. "அவன் போயிட்டா கம்பெனியே படுத்துரும்."

கார் போய்விட்டது. தவசி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தான். டிராக்டர்க்காரனோடு செண்பகம் போகும் காட்சி மனசுக்குள் ஓடியது. அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் வாசலில் யாரோ செருமினார்கள். நிமிர்ந்தால் சோலையப்பன்! கார் வந்த நேரத்திலிருந்தே அவர் வாசலுக்கு வெளியே ஓரமாக நின்றிருக்கிறார். ஆபீஸ் நேரத்தில் சொந்தக்காரர்களுக்கு அனுமதி இல்லை என்று பெத்தணன் நிறுத்தி வைத்திருந்தான்.

சோலையப்பனின் முகத்தில் என்றைக்கும் இல்லாத மரியாதை.

"மாப்பிள்ளே" என்றார், குரல் தழுதழுக்க. "கார்ல வந்த முதலாளி கையெடுத்துக் கும்பிட்டும் உங்களை விடமாட்டேன்னுட்டாங்களே! நீங்க இவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

தவசி தரையிலிருந்து எழுந்தான். "இல்ல மாமா, அது வந்து..."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன்" என்று சங்கையா பக்கம் திரும்பினார் சோலையப்பன். "டிராக்டர்ப் பையன் வேலை சீசனுக்குச் சீசன்தான். மாப்பிள்ளைக்கு இது தற்காலிகமா, நிரந்தரமா?"

நிர்வாகமும் சங்கமும் உடனே மாட்டுக்குப் பின்னால் போய்க் கூடிப் பேசின. நண்பனுடைய வாழ்க்கைப் பிரச்சினை அல்லவா? கால்மணி நேரத்தில் சங்கையா ஒரு தாளோடு வந்து, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு வாசித்தார்.

"திரு. தவசி அவர்கள் இன்று முதல் வேலை தேடும் பணியில் நிரந்தரமாக்கப்படுகிறார். அறுபது வயது முடியும்வரை அவருக்கு வேறு வேலை எதுவும் கிடைக்காது என்று நிர்வாகம் உறுதி அளிக்கிறது."

சோலையப்பன் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேயே தட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று. தவசி ஆனந்தத்தில் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

புறப்பட்ட சோலையப்பன் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். சங்கையாவைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனார்.

"என் மூத்த மகன் பதினோரு வருஷமா அரசாங்க பஸ்ல கண்டக்டரா இருக்கான்" என்று கிசுகிசுத்தார். "அதை விட்டுடுறேன்னு எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்றேன். எப்படியாவது அவனுக்கும் இங்க ஒரு இடம் பாத்துக் குடுங்கய்யா."