வழுக்குப் பாறையில் ஓர் உடைக்கட்டுப்பாடு

பவளாயி என்ற காட்டுக்கோழிக்கு ஏழு குஞ்சுகள். பருந்துக்கும் கீரிக்கும் பயந்து வாரம் முழுக்க அவற்றைப் புதருக்குள்ளேயே வைத்திருக்கும். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அதற்கு நிம்மதி. அன்றைக்குப் புலி அடுத்த மலைக்கு வேட்டைக்குப் போய்விடும். அதன் வால் மறைந்ததும் ஓடைக்கரையில் இருக்கும் வழுக்குப் பாறைப் பூங்கா திறக்கும். பூங்கா நாளில் யாரும் யாரையும் தின்னக்கூடாது என்பது காட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒப்பந்தம்.

அங்கே கொடி ஊஞ்சல் உண்டு. உருட்டுக்கட்டை உண்டு. எல்லாவற்றையும்விடக் கொண்டாட்டமானது வழுக்குப் பாறைதான். மேலே சின்னதாக ஒரு மடு. அதன் தண்ணீர் ஒரு பாறைப் பள்ளம் வழியாக வழிந்து கீழே குளத்தில் விழும். பள்ளம் ஒரு யானை உட்காரும் அகலம் இருக்கும். அதில் உட்கார்ந்தால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் குளத்தில் கிடக்கலாம்.

ஒரு பூங்கா நாளில் பவளாயி குஞ்சுகளை ஊஞ்சலுக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஊஞ்சலில் வெள்ளைச்சாமி என்ற குரங்கு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தன் சிவந்த பின்புறத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, தாளம் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற குட்டிகள் எல்லாம் சிரித்தன.

கடைக்குட்டிக் குஞ்சு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, அந்த மாமாவுக்குப் பின்னாடி ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேட்டது.

பவளாயிக்குக் கொண்டை வரைக்கும் சூடேறியது. குஞ்சுகளை இறக்கைக்குள் தள்ளிக்கொண்டு நேராகப் பூங்காவின் பொறுப்பாளரான கரடியிடம் போனது.

கரடி மர நிழலில் படுத்திருந்தது. யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்வது அதன் பழக்கம்.

"ஐயா, இது குடும்பத்தோட வர்ற இடம். இங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு வந்து நிக்கறாங்க. குழந்தைங்க கேட்கிற கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியல. ஒரு கட்டுப்பாடு வேணும்" என்றது பவளாயி.

"என்ன கட்டுப்பாடு?"

"கழுத்துலேர்ந்து முழங்கால் வரைக்கும் இலை உடுத்திக்கிட்டுத்தான் உள்ள வரணும்."

கரடி ஒரு கண்ணைத் திறந்தது. "உனக்குமா?"

"எனக்கு இறகு இருக்கே. அதுவே உடைதான்."

"எனக்கு?"

"உங்களுக்குத்தான் ரோமம் அடர்த்தியா இருக்கே ஐயா. நீங்க உடுத்திக்க வேண்டியதில்ல."

அந்த வார்த்தையைக் கேட்டதும் கரடிக்குக் கட்டுப்பாடு மிகவும் பிடித்துப்போனது. "நல்ல யோசனை. அடுத்த வாரத்திலேர்ந்து நடைமுறைக்கு வரட்டும். வாசல்ல நின்னு பார்க்க ஆள் வேணுமே. நீயே நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் விடிந்ததுமே பவளாயி வாசல் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டது. அளப்பதற்கு ஒரு குச்சி. தளர்ந்தால் கட்டுவதற்குப் பக்கத்தில் காட்டுக்கொடி ஒரு சுருள்.

முதலில் முயல் குடும்பம் வந்தது. ஆளுக்கு ஒரு பூவரச இலை போதுமாக இருந்தது. பவளாயி திருப்தியாகத் தலையாட்டி உள்ளே அனுப்பியது. அடுத்து முள்ளம்பன்றி. வீட்டில் புறப்படும்போது அது நல்ல இலையாகத்தான் உடுத்தியிருந்ததாம். வாசலுக்கு வருவதற்குள் இலை முழுக்கச் சல்லடையாகிவிட்டது. "வேற உடுத்திட்டு வா" என்றது பவளாயி. வேறு உடுத்தி வந்தது. அதுவும் சல்லடை. நான்காவது முறை பவளாயியே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே விட்டுவிட்டது.

பிறகு சாரைப்பாம்பு வந்தது.

"முழங்கால் வரைக்கும்னு சொன்னாங்க. என் முழங்கால் எங்க இருக்குன்னு நீங்களே காட்டிடுங்க, அது வரைக்கும் மூடிக்கிறேன்."

பவளாயி குச்சியை எடுத்துக்கொண்டு பாம்பின் தலையிலிருந்து வால் வரை இரண்டு தடவை நடந்து பார்த்தது. முழங்கால் அகப்படவில்லை. "உனக்கு வால் வரைக்கும் உடை" என்று தீர்ப்புச் சொன்னது. பாம்பு வாழையிலையைக் குழலாகச் சுருட்டி அதற்குள் நுழைந்தது. நுழைந்த வேகத்தில் மறுபக்கம் வெளியே வந்து பூங்காவுக்குள் போய்விட்டது. உடை மட்டும் வாசலிலேயே கிடந்தது.

தவளை இலையை உடுத்திப் பார்த்து மூச்சுத் திணறியது. "அம்மா, நான் தோல் வழியாத்தான் பாதி மூச்சு விடறேன். மூடினா செத்துப்போவேன்" என்றது.

"உனக்கு ஒருத்தனுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் மூச்சு முட்டுதுன்னு சொல்வாங்க" என்றது பவளாயி. தவளை வேலிக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளைச்சாமியும் வந்தது. உடம்பைச் சுற்றி ஆலிலை. பவளாயி அதைச் சுற்றி வந்து முன்னும் பின்னும் குனிந்து பார்த்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோபிச்சுக்க மாட்டீங்களே?" என்றது குரங்கு.

"சொல்லு."

"இந்தக் காட்டுல இதுவரைக்கும் யாரும் யாரையும் இவ்வளவு உத்துப் பார்த்ததில்ல. காலையிலேர்ந்து நீங்க ஒருத்தர்தான் அத்தனை பேர் தொடையையும் பார்த்துக்கிட்டிருக்கீங்க."

பவளாயி கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு, "அடுத்து யாரு?" என்றது.

அடுத்து அழகம்மை நின்றது. அழகம்மை ஒரு பெரிய பெண் யானை. பக்கத்தில் அதன் குட்டி, தேக்கிலையில் ஒரு சின்னப் பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. தாயின் உடம்பில் நாற்பது தேக்கிலைகள். தாய் நடக்க நடக்க அவை சரசரத்தன.

"ஆறு நாளா தைச்சேன்ம்மா. சரியா இருக்கா பாருங்க" என்றது அழகம்மை.

"இடுப்புல தளர்வா இருக்கு. தண்ணியில நழுவிடும்" என்று சொல்லி, பவளாயி காட்டுக்கொடியால் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியது.

அழகம்மை தயங்கி நின்றது. "ஒண்ணு கேக்கட்டுமா? நான் இத்தனை வருஷமா சும்மாதானே வந்துக்கிட்டிருந்தேன். யாராவது என்னைப் பார்த்துக் கூசியிருக்காங்களா? வீட்டுல உக்காந்து அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அதெல்லாம் இல்ல, இது பொதுவான கட்டுப்பாடு" என்றது பவளாயி. அதன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அழகம்மை காதுகளை முன்னுக்கு மடித்து உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போனது. இவ்வளவு பெரிய யானை இவ்வளவு சின்னதாக நடந்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

மத்தியானம் வெயில் ஏறியதும் எல்லோரும் வழுக்குப் பாறைக்கு வந்துவிட்டார்கள். பவளாயியின் குஞ்சுகள் மேல் மடுவுக்கு நடுவே இருக்கும் தட்டைக்கல்லில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. கரையிலிருந்து அந்தக் கல்லுக்குப் போகச் சின்னச் சின்ன மிதிகற்கள் இருந்தன.

யானைக்குட்டி முதலில் சறுக்கிக் குளத்தில் விழுந்து கூவியது. அதன் பின்னால் அழகம்மை பள்ளத்தில் உட்கார்ந்தது. பாதி தூரம் சறுக்கியது. பாதியில் நின்றுவிட்டது.

இடுப்பில் கட்டிய காட்டுக்கொடி ஒரு பாறை முனையில் மாட்டிக்கொண்டிருந்தது. நாற்பது தேக்கிலையும் தண்ணீரில் ஊறி உப்பிப் பள்ளத்தின் இரண்டு ஓரத்தையும் அடைத்துக்கொண்டன. சொட்டுத் தண்ணீர்கூடக் கீழே இறங்கவில்லை. மேல் மடுவில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. முதலில் மிதிகற்கள் மூழ்கின. பிறகு தட்டைக்கல்லின் ஓரம் நனைந்தது.

"அம்மா, கால் நனையுது" என்றது கடைக்குட்டி.

பவளாயி வாசலிலிருந்து பறந்தடித்துக்கொண்டு வந்தது. கோழிக்கு நீந்தத் தெரியாது. ஏழு குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு பறக்கவும் முடியாது. "அழகம்மை, எந்திரி. சீக்கிரம் எந்திரி" என்று கத்தியது.

"எந்திரிக்கலாம்மா. ஒரு இழு இழுத்தா கொடி அறுந்துடும். ஆனா உடையும் அதோட போயிடும்."

"அதனால என்ன?"

"கட்டுப்பாட்டை மீறினா வெளியே அனுப்பிடுவீங்களே. அத்தோட இத்தனை பேர் பார்க்கறாங்க." அழகம்மையின் கண்கள் கலங்கின. "முன்னெல்லாம் எனக்கு வெக்கம் தெரியாது. இப்பத் தெரியுது."

சத்தம் கேட்டுக் கரடி எழுந்து வந்தது. தாடையைச் சொறிந்துகொண்டது. "உடையைக் கழட்டறதுக்குக் கட்டுப்பாட்டுல வழி இருக்கிற மாதிரி தெரியலையே. வாசல் பொறுப்பு யாரோ அவங்கதான் சொல்லணும்" என்றது.

எல்லோரும் பவளாயியைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் கண்ணை மூடிக்குங்க" என்றது பவளாயி. சிலர் மூடிக்கொண்டார்கள். முயல்கள் மூடுவது போல மூடி விரலிடுக்கில் பார்த்தன. பாம்பு, "எனக்கு இமையே கிடையாது, நான் என்ன பண்றது?" என்று கேட்டது. அதற்கு என்ன ஏற்பாடு செய்வது என்று பவளாயி யோசிக்க ஆரம்பித்த நேரத்தில் தட்டைக்கல்லின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. கடைக்குட்டியின் கால் நழுவியது. மற்ற ஆறும் அதன் இறக்கையை அலகால் கவ்விப் பிடித்துக்கொண்டன.

பவளாயி அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. உயரமான பாறையின் மேல் ஏறி, காடே அதிர, "கழட்டு! எல்லாத்தையும் கழட்டிப் போடு!" என்று கூவியது.

அழகம்மை ஒரே இழுப்பு இழுத்தது. கொடி அறுந்தது. தேக்கிலைகள் கொத்தாகப் பிய்ந்து போயின. தேங்கி நின்ற தண்ணீர் பள்ளத்தில் பாய, அழகம்மையும் அதோடு சறுக்கிப் போய்க் குளத்தில் விழுந்தது. குளத்துத் தண்ணீரில் பாதி கரையில் நின்றவர்களின் மேல் கொட்டியது. அத்தனை பேருடைய இலையும் அந்த அலையில் அடித்துக்கொண்டு போனது. மடுவில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. குஞ்சுகள் நடுங்கிக்கொண்டே மிதிகற்கள் வழியாகக் கரைக்கு வந்து சேர்ந்தன.

பவளாயி ஏழையும் எண்ணி இறக்கைக்குள் சேர்த்துக்கொண்டது. நிமிர்ந்தபோது காடு முழுவதும் உடையில்லாமல் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் குஞ்சுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பவளாயி குளத்தங்கரைக்கு இறங்கிப் போனது. "அழகம்மை, உன்னைப் பார்த்து ஒரு நாளும் யாரும் கூசினதில்ல. நான்தான் உன்னைக் கூச வெச்சிட்டேன். தப்பு என்னுது" என்றது.

அழகம்மை காதுகளை விரித்து உதறிக்கொண்டது. "அது கிடக்கட்டும். உங்களை உறுத்தினது என்னன்னு இப்பவாவது சொல்லுங்களேன்."

பவளாயி ஊஞ்சல் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு, "வெள்ளைச்சாமி ஊஞ்சல்ல தலைகீழாத் தொங்கி, பின்னாடியைக் காட்டி ஆடினான். அது எனக்குப் பிடிக்கல" என்றது.

"அதை அவன்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

பவளாயி ஊஞ்சலுக்குப் போனது. குரங்கு பழையபடி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, உன் உடம்பு எந்த நிறத்துல இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா குழந்தைங்க முன்னாடி நீ வேணும்னே அதை ஆட்டிக் காட்டறது நல்லா இல்ல. நேரா உக்காரு."

வெள்ளைச்சாமி தலையைச் சொறிந்தது. "அவ்வளவுதானா அக்கா? குட்டிங்க சிரிச்சுதுங்களேன்னு ஆடினேன்" என்று சொல்லி நேராக உட்கார்ந்து நகர்ந்து, குஞ்சுகளுக்கும் ஊஞ்சலில் இடம் கொடுத்தது.

கரடி அன்றைக்கே கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. யாரும் கேட்காமல் அது செய்த முதல் வேலை அதுதான். வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்த தவளையைப் பவளாயியே போய்க் கூட்டிக்கொண்டு வந்தது.

ஒருவரின் நடத்தையில் கண்ட குறையை அவரிடமே நேரில் சொல்லாமல், அதற்காக எல்லோருடைய உடம்புக்கும் சட்டம் போடுகிறவர், தான் காக்க நினைத்தவர்களையே ஆபத்தில் தள்ளிவிடுவார்.