சத்திரத்து வாசலில் பிறந்த கூட்டறிவு

மணற்கோட்டை அருவியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். ஆனால் ஊரில் தங்குகிறவர்கள் குறைவு. மன்னர் வச்சிரபாகுவுக்கு அது பெரிய மனக்குறை. காரணம் என்னவென்று சபையில் கேட்டார்.

தலைமைப் பண்டிதர் வாகீசர் எழுந்தார். "ஒருவர் சொன்னால் அது வெறும் அபிப்பிராயம், மகாராஜா. எல்லோரும் கூடிப் பேசிச் சொன்னால்தான் அறிவு."

மன்னர் தலையாட்டினார். ஊரில் இருந்த ஒரே சத்திரத்தைப் பண்டிதர்கள் காலி செய்து வாங்கிக்கொண்டார்கள். வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். 'யாத்திரிகர் என்பவர் யார்?' என்று ஒரு வட்டம் பேசியது. 'என்பவர் என்றால் என்ன?' என்று அடுத்த வட்டம் பேசியது. வண்ணத் துணிகளில் கருத்துகளை எழுதிக் கொடியில் தொங்கவிட்டார்கள். இடையிடையே விருந்து. தங்கிக்கொண்டிருந்த நாலு பேரும் இப்போது வருவதில்லை.

"பிரச்சினை நாம் நினைத்ததைவிட ஆழமானது. இன்னும் பல அமர்வுகள் வேண்டும்" என்றார் வாகீசர்.

அரசவை விகடர் சாத்தப்பனால் வாயை அடக்க முடியவில்லை. "மகாராஜா, சத்திரத்தைத் திறந்துவிட்டால் தங்குவார்கள்."

வாகீசர் சிரித்தார். "இது ஒருவருடைய அபிப்பிராயம். இதையே இவர் எல்லாப் பண்டிதர்களையும் சொல்ல வைக்கட்டும். நாளைக்குள் முடியாவிட்டால் சபையை விட்டுப் போகட்டும்."

மன்னர் சம்மதித்துவிட்டார். பாயசத்தில் இனிப்புப் போதுமா என்பதில்கூட ஒத்துப்போகாத கூட்டம் அது.

"அப்படியானால் நாளைய அமர்வை நானே நடத்துகிறேன். சத்திரத்துச் சாவியும் என்னிடம் இருக்கட்டும்" என்று சாத்தப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பண்டிதர்களை வண்டியேற்றி அருவிக்கு அனுப்பினார். இறக்கிவிட்ட வண்டிகள் நிற்காமல் திரும்பிவிட்டன. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பண்டிதர்கள் நனைந்து, பசித்து, நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். சத்திரம் பூட்டியிருந்தது. மாடி ஜன்னலில் சாத்தப்பன் தலை தெரிந்தது. பக்கத்தில் மன்னர்.

"யாத்திரிகர்களுக்கு இடமில்லை, ஐயா. இங்கே ஆராய்ச்சி நடக்கிறது" என்றார் சாத்தப்பன்.

"ஆராய்ச்சி செய்கிறவர்களே நாங்கள்தானய்யா" என்றார் வாகீசர், தாடியைப் பிழிந்தபடி. "கதவைத் திற."

"ஒருவர் சொன்னால் அது அபிப்பிராயம். கூடிப் பேசிச் சொல்லுங்கள்."

மழை வலுத்தது. யாரும் வட்டமாக உட்காரவில்லை. எழுதத் துணி கேட்கவில்லை. சொல்லுக்குப் பொருள் கேட்கவில்லை. ஒரு நொடியில் அத்தனை குரலும் ஒன்றாய் எழுந்தது: "சத்திரத்தைத் திறந்தால்தானே ஐயா தங்க முடியும்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். கதவு திறந்தது.

வாகீசர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றார். "இதை எங்கள் கூட்டத்தின் முடிவாகவே கொள்ள வேண்டும், மகாராஜா. அடுத்த அமர்வை எங்கே வைத்துக்கொள்ளலாம்?"

"இப்போது நின்றீர்களே, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், வாகீசரே" என்றார் மன்னர். "அங்கேதான் சீக்கிரம் முடிகிறது."